விலை உயர்ந்த ரீலில் கோளாறு எங்கே ஒளிந்திருக்கும்: மலையில் தூண்டில் போடுபவர்களுக்கான பரிசோதனை முறை

கடையில் கையில் வைத்துச் சுற்றினால் எந்த விலை உயர்ந்த ஸ்பின்னிங் ரீலும் (தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் கருவி) சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டுதான் ஓடும். அந்த வழுக்கலில் பாதி கிரீஸின் வேலை. கெட்டியான கிரீஸைத் தாராளமாக வைத்துவிட்டால் சுமாரான கியரும் நயமாகத் தெரியும். பாரம் ஏறும்போதும் குளிரும்போதும் நனையும்போதும்தான் உள்ளே இருக்கும் கட்டுமானம் வெளியே வரும். நீலகிரியில் இந்த மூன்றும் ஒரே காலையில் நடக்கக்கூடியவை. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் எமரால்டு, அவலாஞ்சி பக்கம் புல்லில் உறைபனி படிந்திருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் விடாது. கொடைக்கானலில் அக்டோபர், நவம்பர் மழை அதே வேலையைச் செய்யும்.

ஐம்பதாயிரம் ரூபாய் தாண்டிய ரீலில் மோசமான உலோகமோ அரைகுறையாக வெட்டிய பல்லோ கிடைப்பது அபூர்வம். அங்கே வரும் தொல்லைகள் பெரும்பாலும் வேறு வகை. எதைச் சொல்லி விற்கிறார்களோ அந்தக் குணங்களிலிருந்தே அவை பிறக்கின்றன: மிக நெருக்கமான அளவுகள், தண்ணீர் புகாத மூடல், குறைந்த எடை. அதனால் பரிசோதனையும் அங்கேயே தொடங்க வேண்டும். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளும் நாட்கள் முடிவதற்குள் எல்லாவற்றையும் செய்து முடித்துவிடுங்கள். நரம்பு சுற்றிய ரீலைப் பல கடைகள் திருப்பி வாங்குவதில்லை. ஆகவே வரிசை முக்கியம்.

நரம்பு சுற்றுவதற்கு முன்

ரீலின் காலை (கம்பில் மாட்டும் பகுதி) விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, கைப்பிடியை மூன்று விநாடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் எதுவும் தெரியாது. விரலில் ஏதாவது தட்டினால் அது எந்தத் தாளத்தில் தட்டுகிறது என்று எண்ணுங்கள். பிரித்துப் பார்க்காமலே இடத்தைச் சொல்லிவிடலாம்.

கைப்பிடி ஒரு முழுச் சுற்று சுற்றும்போது ஒரே ஒரு தட்டல் வந்தால், அது மெயின் கியரில் ஒரு பல்லின் குறை, அல்லது கைப்பிடித் தண்டின் வளைவு. ஒரு சுற்றுக்கு ஐந்தாறு முறை தட்டினால் பினியன் (மெயின் கியரோடு பொருந்தும் சிறு கியர்), ரோட்டர் (சுழன்று நரம்பைச் சுற்றும் பகுதி), பினியனைத் தாங்கும் பேரிங் ஆகியவற்றில் ஒன்று. கியர் விகிதம் (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ரோட்டர் சுற்றும் எண்ணிக்கை) 5.1 என்றால் ஐந்து தட்டல், 6.2 என்றால் ஆறு. கணக்கு துல்லியமாக ஒத்துப்போகும். ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் கட்டை) மேலே ஏறி நிற்கும் இடத்திலும் கீழே இறங்கி நிற்கும் இடத்திலும் மட்டும் தெரிந்தால், ஸ்பூலை ஏற்றி இறக்கும் திருகுத் தண்டும் அதன் பள்ளத்தில் ஓடும் சிறு நாக்கும்தான் காரணம். திசை மாறும்போது மெல்லிய ஓர் அசைவு தெரிவது இயல்பு. 'டக்' என்று காதில் கேட்பது இயல்பல்ல. எந்தத் தாளமும் இல்லாமல் ஓயாத நறநறப்பு இருந்தால் இரு கியர்களின் பல் பொருத்தம் சரியில்லை.

அடுத்து ஆட்டம். கைப்பிடித் தண்டை அதன் நீளவாக்கில் உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். மயிரிழை அளவு அசைவு இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் மெயின் கியரின் பக்கத்தில் 0.05 அல்லது 0.1 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய வாஷர் ஒன்று குறைகிறது. அறவே ஆட்டமில்லாத ரீலைப் பார்த்து மகிழ்வதற்கு முன் ஒன்று: வாஷர் ஒன்று கூடுதலாகப் போட்டு இறுக்கியிருந்தாலும் ஆட்டம் இருக்காது. அப்படிப்பட்ட ரீலில் கைப்பிடியைச் சுண்டிவிட்டால் ஓரிரு சுற்றிலேயே நின்றுவிடும்.

ரோட்டரைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தட்டும் சத்தம் கேட்டால் ரோட்டர் நட்டு தளர்ந்திருக்கிறது, அல்லது பினியன் பேரிங் உட்கார்ந்த இடம் பெரிதாக இருக்கிறது. முதலாவது ஐந்து நிமிட வேலை. இரண்டாவது திருப்பிக் கொடுக்க வேண்டிய கோளாறு.

கடைசியாக, ரீலைக் கம்பில் மாட்டி, விநாடிக்கு இரண்டு சுற்று வேகத்தில் சுற்றுங்கள். கம்பு குலுங்கினால் ரோட்டரைக் குறை சொல்வதற்கு முன் கைப்பிடியைக் கழற்றிவிட்டு ரோட்டரை விரலால் சுண்டுங்கள். குலுக்கல் போய்விட்டால் அது ஒற்றைக் கைப்பிடியின் எடை. இரட்டைக் கைப்பிடி போட்டால் தீரும். ரோட்டர் தனியாகச் சுற்றும்போதும் குலுங்கினால் அது பிறவிக் கோளாறு.

பாரம் ஏற்றிப் பார்ப்பது

பாரமில்லாமல் சுற்றிப் பார்த்து ரீல் வாங்குவது பாதிப் பரிசோதனைதான். பத்து மீட்டர் பழைய நரம்பை ஸ்பூலில் சுற்றி, முனையில் 500 கிராம் எடையைக் கட்டுங்கள். கம்பின் அடித்துண்டில் மட்டும் ரீலை மாட்டி, மாடியிலிருந்து எடையைத் தொங்கவிட்டு மெதுவாக மேலே சுற்றுங்கள். பாரமில்லாமல் நயமாக ஓடிய ரீல் இப்போது நறநறத்தால், உடல் வளைந்து கியர்கள் தம் இடத்திலிருந்து விலகுகின்றன என்று பொருள்.

எடை குறைப்பதற்குக் கொடுக்கும் விலை இதுதான். 1000, 2000 அளவு ரீல்கள் இப்போது 150 கிராமுக்குள்ளேயே வந்துவிட்டன. அந்த எடையைப் பிடிக்க உடலுக்கும் ரோட்டருக்கும் கார்பன் கலந்த பிளாஸ்டிக் போடுகிறார்கள். ஷிமானோ அதை சிஐ4பிளஸ் என்கிறது, டைவா ஜயான் என்கிறது. இரண்டும் நல்ல பொருட்களே. ஆனால் ஒரே தடிமனில் அலுமினியத்தின் விறைப்பு அவற்றுக்கு வராது. நன்றாக வடிவமைத்த ரீலில் கியரைத் தாங்கும் உடல் உலோகமாகவும், சுற்ற வேண்டிய ரோட்டர் பிளாஸ்டிக்காகவும் இருக்கும். சுற்றும் பாகம் இலேசாக இருந்தால் கைப்பிடி சட்டென்று ஓடத் தொடங்கும், சட்டென்று நிற்கும். ஓடையில் சிறு ஸ்பின்னரை (தண்ணீரில் சுழலும் செயற்கை இரை) இழுப்பவருக்கு அது நல்லது. அணையில் கெண்டைக்குக் காத்திருப்பவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. அவர் உலோக உடலுள்ள, முப்பது நாற்பது கிராம் கூடுதல் எடையுள்ள ரீலை வாங்குவதே புத்திசாலித்தனம்.

எடை தொங்கும்போதே ரோட்டருக்கும் ரீலின் காலைத் தாங்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். பாரத்தில் அது கண்ணுக்குத் தெரியும்படி குறுகினால் அந்த ரீல் வேண்டாம்.

குளிரில் பின்னோக்கி நழுவும் கைப்பிடி

மலையில் அதிகம் வெறுப்பேற்றும் கோளாறு இது. தரைநாட்டில் சோதித்தால் தெரியவே தெரியாது.

கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுப்பது ரோட்டருக்குக் கீழே உள்ள ஒருவழி ரோலர் கிளட்ச். ஒரு வளையத்துக்குள் சிறு உருளைகள். ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய ஸ்பிரிங் சரிவான பள்ளத்தின் குறுகலான பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். ரோட்டர் பின்னால் திரும்ப முயன்ற கணமே உருளைகள் பள்ளத்துக்கும் நடுக்குழாய்க்கும் இடையில் ஆப்பு போல இறுகிக்கொள்ளும். அந்த ஸ்பிரிங்கின் பலம் மிகக் குறைவு. கியரில் வைத்த கிரீஸ் மெல்ல ஊர்ந்து கிளட்சுக்குள் வந்துவிட்டால் 30 டிகிரி வெப்பத்தில் அது இளகி இருக்கும், ஸ்பிரிங் சமாளித்துவிடும். 3 டிகிரியில் அதே கிரீஸ் கெட்டியாகி உருளைகளை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். டிரவுட் மீன் கடித்ததும் கம்பைச் சொடுக்கினால் கைப்பிடி அரைச் சுற்று பின்னால் ஓடி, பிறகு 'டக்' என்று பிடிக்கும். முள் பதியாது. உலோகம் சுருங்கியதால் இப்படி ஆகிறது என்பார்கள். 30 மி.மீ. அகலமுள்ள மெக்னீசிய உடல் 25 டிகிரி குளிர்ந்தால் எஃகைவிடக் கூடுதலாகச் சுருங்குவது ஒரு மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்குதான். குற்றவாளி பெரும்பாலும் கிரீஸ்.

கோயம்புத்தூரிலோ மதுரையிலோ ரீல் வாங்குபவர் மலைக் குளிரை வீட்டிலேயே உண்டாக்கலாம். ரீலைப் பெரிய ஜிப் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம். எடுத்ததும் பையைத் திறக்காமலே, கைப்பிடியைப் பிடித்து ரோட்டரின் வெவ்வேறு நிலைகளில் இருபது முறை பின்னோக்கி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். ஒரு முறை நழுவினாலும் கோளாறு உண்டு. சோதனை முடிந்த பிறகு பை அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்காதீர்கள். திறந்தால் ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்தின் மேல் நீர்த்துளியாகப் படியும்.

புது ரீல் என்றால் திருப்பிக் கொடுங்கள். வாரண்டி முடிந்திருந்தால் நீங்களே சரிசெய்யலாம்:

1. ஸ்பூலையும் ரோட்டரையும் கழற்றுங்கள். சில ரீல்களில் ரோட்டர் நட்டின் மரை எதிர்த்திசையில் இருக்கும். பலம் கொடுப்பதற்கு முன் பெட்டியில் வந்த வரைபடத்தைப் பாருங்கள்.
2. கிளட்சின் மேல்மூடியைக் கழற்றி, கிளட்சை நடுக்குழாயோடு சேர்த்து ஒரே துண்டாக வெளியே எடுங்கள். நடுக்குழாயை மட்டும் உருவினால் உருளைகள் சிதறும். உருவ வேண்டி வந்தால் அந்த இடத்தில் சுருட்டிய காகிதத்தைச் செருகிக்கொண்டே உருவுங்கள்.
3. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் இரண்டு முறை அலசி, நிழலில் உலர்த்துங்கள். பெட்ரோலும் அசிட்டோனும் உள்ளே உள்ள பிளாஸ்டிக் கூட்டைக் கெடுக்கக்கூடும்.
4. மிக மெல்லிய ரீல் எண்ணெய் ஒரே ஒரு துளி. சுற்றிப் பரவவிட்டு, மிகுந்ததைத் துடைத்துவிடுங்கள். முழுக்க வறட்சியாக விட்டால் உருளைகள் தேய்ந்து துரு ஏறும்.
5. கிளட்சை எந்த முகம் மேலே இருந்ததோ அப்படியே திரும்ப வையுங்கள். தலைகீழாக வைத்தால் ரீல் முன்னால் சுற்றாது.

மீண்டும் மீண்டும் கிரீஸ் ஏறிவந்தால் அது வடிவமைப்புக் குறை: பினியன் பேரிங்குக்கும் கிளட்சுக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. அப்போது பினியன் பக்கம் கிரீஸின் அளவைக் குறைப்பது ஒன்றே வழி. மெயின் கியருக்குச் சாதாரணமாகப் போடும் என்எல்ஜிஐ 2 தரக் கிரீஸுக்குப் (கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) பதில் 1 அல்லது 0 தரம் போட்டால் குளிர் காலையில் கைப்பிடி கனமாவதும் குறையும். இளகிய கிரீஸ் சீக்கிரம் வற்றும் என்பதால் ஆண்டுக்கு ஒரு முறையாவது திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை: கோவையில் இறுக மூடிய எண்ணெய்க் குப்பியை ஊட்டியில் திறந்தால் எண்ணெய் பொங்கி வழியக்கூடும். 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதன் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். குப்பியை நிமிர்த்தி வைத்து, மூடியைத் தளர்த்திக் காற்றை விட்ட பிறகு துளியிடுங்கள்.

டிராக்

பெட்டியில் எழுதியிருக்கும் '9 கிலோ டிராக்' (மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக்) மலையில் யாருக்கும் தேவைப்படாத எண். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன்வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் முயற்சியால் நீலகிரியில் நிலைபெற்ற வானவில் டிரவுட்டுக்கு மெல்லிய நரம்புதான் போடுகிறோம். 4 பவுண்ட் நரம்பு சுமார் 1.8 கிலோவில் அறும். டிராக்கை அதன் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில், அதாவது 450 முதல் 600 கிராமுக்குள் வைக்க வேண்டும். எனவே கேட்க வேண்டிய கேள்வி: இந்த ரீல் 300 முதல் 700 கிராம் வரை எவ்வளவு நுணுக்கமாகச் சரிசெய்ய இடம் தருகிறது? குமிழை அரைச் சுற்று திருப்பியதும் சுழியத்திலிருந்து இரண்டு கிலோவுக்குத் தாவினால், அந்த டிராக் எவ்வளவு உயர்ந்த கார்பன் வாஷரில் செய்திருந்தாலும் டிரவுட்டுக்கு உதவாது.

சோதிக்க, பெட்டி எடை பார்க்கும் சிறு டிஜிட்டல் தராசு போதும். கம்பைத் தராசை நோக்கி நேராக நீட்டி, நரம்பு வளையங்களில் உரசாதபடி மெதுவாக இழுங்கள். ஸ்பூல் அசையத் தொடங்கும் கணத்தின் எண்ணையும், ஓடிக்கொண்டிருக்கும்போது காட்டும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 500 கிராமில் ஓடும் டிராக் தொடங்குவதற்கு 700 கேட்டால், மெல்லிய நரம்பு முதல் பாய்ச்சலிலேயே அறும். காரணங்கள்: வாஷர் வறண்டிருக்கிறது, டிராக் குமிழின் நீர்தடுப்பு ரப்பர் ஸ்பூலை உரசுகிறது, அல்லது டிராக்கை இறுக்கிய நிலையிலேயே நாட்கணக்கில் வைத்து வாஷர்கள் ஒட்டிப்போய்விட்டன. ஸ்பூலின் மேல் தண்ணீர் ஊற்றிவிட்டு அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். எண் பெரிதாக மாறினால் மூடல் பெயரளவுக்குத்தான்.

ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) வாஷர் என்றால் டிராக் கிரீஸில் ஊறியிருக்க வேண்டும். கார்பன் வாஷருக்கு மேலே பூசி வழித்த மெல்லிய படலம் போதும். குறைந்த பாரத்தில் ஃபெல்ட்தான் நயமாக வழுக்கும். மலிவான பொருள் என்று ஒதுக்க வேண்டாம். அணைகளில் பெரிய கெண்டையைத் தேடுபவர்களுக்குக் கார்பன் நல்லது, நீண்ட ஓட்டத்தில் சூடானாலும் பிடி மாறாது.

நரம்பு படியும் விதம்

முதலில் ஸ்பூல் கொள்ளளவு. ஜப்பான் சந்தைக்கான உயர்ரக மாடல்கள் பலவற்றில் ஆழம் குறைந்த ஸ்பூல் வரும். மெல்லிய பிரெய்டுக்காக (பின்னிய நரம்பு) செய்தது. அதில் 6 பவுண்ட் நைலான் நரம்பு நூறு மீட்டர்கூட ஏறாமல் போகலாம். ஓடைக்குப் போதும், எமரால்டு போன்ற திறந்த நீர்ப்பரப்பில் கெண்டை ஓடினால் ஸ்பூலின் அடி தெரிந்துவிடும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நரம்பு வரும் என்பதை நீங்களே கணக்கிடலாம்: ஸ்பூல் விட்டம் × 3.14 × கியர் விகிதம். 43 மி.மீ. ஸ்பூல், 5.1 விகிதம் என்றால் 69 செ.மீ.

நரம்பு முன்விளிம்பில் குவிந்தால் ஸ்பூலுக்கு அடியில், தண்டில் ஒரு வாஷர் சேர்க்க வேண்டும். பின்பக்கம் குவிந்தால் ஒன்றை எடுக்க வேண்டும். உதிரி வாஷர்கள் பெட்டியிலேயே ஒரு சிறு பையில் இருக்கும், தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஸ்பூல் மிக மெதுவாக ஏறி இறங்கும் வடிவமைப்பை உயர்ரக அம்சமாகச் சொல்கிறார்கள். நரம்பு வரிவரியாக அழகாகப் படியும், தூரமும் கூடும். ஆனால் சுற்றுகள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய இணையாகப் படிவதால், தளர்வாகச் சுற்றிய பிரெய்டில் மேல் சுற்று கீழ்ச் சுற்றுகளுக்குள் புதைந்து, அடுத்த வீச்சில் கொத்தாகக் கிளம்பி முடிச்சு விழும். இலேசான ஸ்பின்னரை எதிர்க்காற்றில் எறியும் நாட்களில் இது மோசம். பிரெய்டை விளிம்புக்கு 2 மி.மீ. குறைவாக நிரப்புங்கள். பெயிலை (நரம்பைப் பிடித்துச் சுற்றும் வளைகம்பி) கைப்பிடியால் மூடாமல் கையால் மூடி, நரம்பை ஒரு முறை இழுத்துவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள்.

நரம்பு ஓடும் லைன் ரோலரில் விரல்நகம் அளவுகூட இல்லாத ஒரு பேரிங் இருக்கிறது. மொத்த ரீலிலும் முதலில் சாவது அதுதான். நூலை அதன் மேல் வளைத்து இலேசாக இழுத்தால் ரோலர் சுழல வேண்டும். நின்றுவிட்டால் நரம்பு முறுக்கேறும், பிரெய்ட் ரோலரிலேயே பள்ளம் அறுக்கும்.

மூடலும் ஈரமும்

தண்ணீரை வெளியே நிறுத்தும் மூடல், உள்ளே போன ஈரத்தையும் வெளியே விடாது. மூடுபனியில் நாள் முழுக்க இருந்துவிட்டு, குளிர்ந்த ரீலைச் சூடான காருக்குள்ளோ கணப்பு எரியும் அறைக்குள்ளோ கொண்டுவந்தால் உடலின் மேலும் இடுக்குகளிலும் ஈரம் படியும். ஸ்பூலைக் கழற்றித் தனியே வைத்து, துணியால் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் ஒரு இரவு விடுங்கள். கணப்பின் பக்கத்தில் வைத்தால் கிரீஸ் இளகிக் கிளட்சுக்குப் போகும். ஈரமான ரீலை நியோபிரீன் உறையில் போட்டு மூடி வைப்பதுதான் மிகப் பெரிய கெடுதல்.

டைவாவின் மேக்சீல்டு ரீல்களில் உடலுக்கும் ரோட்டருக்கும் நடுவே காந்தத்தால் பிடித்துவைத்த எண்ணெய் வளையம் தண்ணீரைத் தடுக்கிறது. உரசல் இல்லாத நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டில் திறந்தால் அந்த எண்ணெய் போய்விடும், சாதாரண எண்ணெய் விட்டால் மூடல் கெடும். சர்வீஸ் சென்டருக்கு அனுப்புவதற்குத் தயாராக இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஷிமானோவின் எக்ஸ்-புரொடெக்ட், வளைந்து வளைந்து செல்லும் பாதையையும் நீரை விலக்கும் கிரீஸையும் நம்புகிறது. அதை ஓரளவு வீட்டிலேயே பராமரிக்கலாம்.

மெக்னீசிய உடலில் மேற்பூச்சு எங்கே உரிந்திருக்கிறது என்று அவ்வப்போது பாருங்கள். ஓடைப் பாறைகளில் ரீலை வைத்தால் அடிப்பக்கமும், கம்பின் ரீல் பிடிப்பில் உரசினால் காலின் ஓரமும் உரியும். அங்கே வெள்ளைப் பொடி தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. எஃகு திருகுகளைச் சுற்றி ஈரம் தங்கினால் இரு உலோக அரிப்பு இன்னும் விரைவாக நடக்கும். பொடியைத் துடைத்து, உலர்த்தி, நிறமில்லாத நகப்பூச்சு ஒரு கோட் அடித்தால் தடுத்து நிறுத்தலாம்.

திருகுகள், கைப்பிடி, உதிரிகள்

மெக்னீசியத்திலோ பிளாஸ்டிக்கிலோ வெட்டிய மரை ஒரு முறை போனால் போனதுதான். திருகை முதலில் எதிர்த்திசையில் மெல்லத் திருப்பி, மரை 'கிளிக்' என்று உட்கார்ந்ததும் முன்னோக்கித் திருப்புங்கள். இரண்டு விரலால் ஸ்குரூடிரைவரைப் பிடித்து இறுக்கும் இறுக்கம் போதும்.

நேராகத் திருகி மாட்டும் கைப்பிடியில் வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் மரை எதிரெதிர்த் திசை. பக்கம் மாற்றும்போது கட்டாயப்படுத்தித் திருகினால் மெயின் கியரின் மரை கெடும், அதாவது புதுக் கியர் வாங்க வேண்டும். கைப்பிடிக் குமிழில் இருக்கும் பேரிங்கின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பேரிங் என்று விளம்பரம் செய்யும் ரீலில் இரண்டு மூன்று குமிழிலேயே இருக்கும். மெயின் கியரின் இருபுறமும், பினியனின் இரு முனையிலும், லைன் ரோலரிலும் பேரிங் இருக்கிறதா என்று மட்டும் வரைபடத்தில் பாருங்கள்.

செயற்கை ஈ போட்டு டிரவுட் பிடிப்பவர்கள் ஃபிளை ரீலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: சட்டத்துக்கும் ஸ்பூலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி. 0.15 மி.மீ. லீடர் (நரம்பின் நுனியில் கட்டும் மெல்லிய இழை) முனையை அங்கே சுற்றிலும் வைத்து அழுத்துங்கள். எந்த இடத்திலாவது உள்ளே நுழைந்தால், ஓடையில் மீன் ஓடும்போதும் நுழையும்.

ரீலை வாங்கும்போதே லைன் ரோலர் பேரிங், பெயில் ஸ்பிரிங், ரோலர் கிளட்ச் ஒன்று, ஒரு செட் டிராக் வாஷர் ஆகியவற்றைச் சேர்த்து ஆர்டர் செய்யுங்கள். வெளிநாட்டு மாடலுக்கு இந்தியாவில் உதிரி எளிதில் கிடைக்காது. மாடல் நின்றுபோனால் இன்னும் கடினம். வரைபடத்தில் உள்ள பாக எண்ணோடு ரீலின் காலில் பொறித்த தயாரிப்பு எண்ணையும் கொடுங்கள். ஒரே பெயரில் வரும் அடுத்த பதிப்பின் பாகம் பல நேரம் பொருந்தாது.